காருக்குப் பூச வாங்கியது

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டடைக் கோலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மிக உறுதியான முடிவு. எவ்வளவு உறுதி என்றால், அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். வாரம் முழுவதும் ஓர் இருட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். மறுபடி மாற்றிப் போட்டுக் கேட்பேன். மறுபடியும் அதையே சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும்போது உலகமே எனக்கு ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு ஞாயிறு ஒரு கிழமை இல்லை, மருந்து.

அந்த மருந்துக்குத்தான் ஆபத்து வந்தது. என் மனைவியின் அக்காவும் அவர் கணவரும், அதாவது என் சகலையும், அடுத்த மாதம் வந்து சில நாள் தங்கப் போவதாகத் தகவல். சகலை சாது. எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவார். அக்கா அப்படி இல்லை. வாசலில் நுழையும்போதே, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், கதவின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு அந்த விரலைப் பார்ப்பார். பிறகுதான் நம்மைப் பார்ப்பார்.

தகவல் வந்ததும் என் மனைவியின் பார்வை சமையலறைச் சுவர், குளியலறை, ஜன்னல் கம்பி, வாசல் கேட் என்று ஒரு சுற்று வந்தது. கடைசியில் என்மேல் வந்து நின்றது. நகரவில்லை.

இங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ரிப்பேர். ஞாயிறு விடிந்தால் வாசலில் சாக்கை விரித்து, ஒரு பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுவிடுவார். பொழுது சாய்ந்ததும் திரும்பப் பூட்டுவார். அந்த ஸ்கூட்டர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் மனைவி ஏதாவது வேலைக்குக் கூப்பிட்டால், "கையெல்லாம் கிரீஸ்" என்பார். அந்த அம்மாள் திரும்பிப் போய்விடுவார். இரண்டே வார்த்தை. நான் வீட்டில் இரண்டு பக்க வசனம் பேசியும் கிடைக்காத விடுதலை.

மதில் ஓரமாகப் போய்க் கேட்டேன்.

"சார், இந்த ஸ்கூட்டர் எப்பதான் ஓடும்?"

"ஓடிட்டா நான் மாட்டிக்குவேன் சார்." குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டதான் கார் இருக்கே. அதுக்கு ஒரு வியாதியைக் கண்டுபிடிங்க. உயிருக்கு ஆபத்து இருக்கக் கூடாது. குணமும் ஆயிடக் கூடாது."

எங்கள் கார் கருநீலம். போன வருடம்தான் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். வாசல் மரத்தடியில் நிற்கிறது. பாதி நாள் அதன்மேல் வெயில். மீதிப் பாதி பறவைகள். கூரையில் இப்போதே சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல். வியாதி கண்ணெதிரே இருந்திருக்கிறது. கண் பரிசோதிக்கிறவனுக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்கே கார் சாமான் கடைக்குப் போனேன்.

"பெயின்ட் மேல பூசணும். ரொம்ப நாள் நிக்கிற மாதிரி வேணும்," என்றேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த டின் மெழுகு. நல்லா மினுங்கும், ஆனா சீக்கிரம் போயிடும். ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. இந்த பாட்டில் சீலன்ட். பெயின்ட்டோட ஒட்டிக்கும், ஆறு மாசம் வரும். இந்தச் சின்னக் குப்பி செராமிக். ஒழுங்கா பூசினா வருஷக்கணக்கா நிக்கும். ஆனா பூசறதுக்கு முன்னால சுத்தம் பண்ற வேலை இருக்கு பாருங்க, முழி பிதுங்கிடும்."

"இதுல ரொம்ப நேரம் பிடிக்கிற வேலை எது?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் சீக்கிரம் முடியறதைத்தான் கேப்பாங்க."

"எனக்கு அவசரமே இல்லை," என்றேன்.

மூன்றையும் வாங்கிக்கொண்டேன். எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன் என்பது வெளியில் சொல்வதற்கு. ஒப்பிட்டு முடிப்பதற்குள் அக்கா வந்துவிட்டுப் போயே போய்விடுவார் என்பது எனக்குள் வைத்துக்கொள்வதற்கு.

வீட்டில் என் மனைவி நாற்காலிமேல் ஏறித் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சாயப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். துணியை எடுத்துத் தேய்ப்பாள், துவைப்பாள், வெயிலில் போடுவாள். எந்தச் சாயம் நிற்கிறது, எது வெளுக்கிறது என்று சொல்வாள். அவள் கையில் வெளுக்காத சாயம் அபூர்வம். என்னுடையது கல்யாணமான முதல் வாரத்திலேயே வெளுத்துவிட்டது.

"என்னங்க பை நிறைய?"

"காருக்குப் பூச. பெயின்ட் வீணாப் போயிட்டிருக்கு. இப்ப விட்டா அப்புறம் எதுவும் செய்ய முடியாது. கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலையாத்தான் இருப்பேன். வேற எதுக்கும் என்னை எதிர்பார்க்காதே."

"பூசி மெழுகாம நேரா சொல்லுங்க. வீட்டு வேலைக்கு வர மாட்டீங்க."

"அப்படிச் சொல்லலை. கையெல்லாம் மெழுகா இருக்கும்."

சண்டை வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். வரவில்லை. கீழே இறங்கி, குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"நல்ல காரியந்தான். மூணுல எதைப் பூசப் போறீங்க?"

"அதான் தெரியலை. கார்ல ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொண்ணைப் பூசி..."

"காரிலேயேவா? திட்டுத் திட்டா நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? தைச்சு முடிச்ச சட்டையில யாராவது சாயம் டெஸ்ட் பண்ணுவாங்களா? துண்டுத் துணியிலதான் பண்ணுவோம்."

"துண்டுக் காருக்கு நான் எங்க போவேன்?"

"கார்னா என்ன? பெயின்ட் அடிச்ச தகடு. சமையலறை அலமாரிக் கதவும் பெயின்ட் அடிச்ச தகடுதான்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவளிடம் எனக்கிருக்கும் கஷ்டமே அதுதான். எது சொன்னாலும் சரியாக இருக்கும்.

"டெஸ்ட்டுன்னா அதுக்கு ஒரு முறை இருக்குங்க," என்றாள். "மூணையும் ஒரே மாதிரி இடத்துல பூசணும். ஒரே மாதிரி துடைக்கணும். அப்புறம், எதுவுமே பூசாத ஒண்ணு இருக்கணும், ஒப்பிட்டுப் பார்க்க. அது இல்லைன்னா எங்க மேனேஜர் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடுவார்."

தலையை ஆட்டினேன். முறை நீள நீள எனக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்த தலை இதோ, கழுத்துமேல்தான் இன்னும் இருக்கிறது.

ஞாயிறு காலை சமையலறையில் டெஸ்ட் ஆரம்பமானது. அலமாரிக் கதவு மூன்று, பூச்சு மூன்று. டின்னின் மூடியைத் திறந்தேன்.

"இருங்க. முதல்ல படிக்கணும்." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பொடி எழுத்தும் தெரிகிற மாதிரி அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தவன் நான். "'பூசும் இடத்தில் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய கறை எதுவும் இருக்கக் கூடாது. சோப்பு நீரால் நன்கு கழுவி, உலரத் துடைக்கவும்.' பாட்டிலைக் கொடுங்க. இதுலயும் அதேதான். குப்பியில ரெண்டு தடவை போட்டிருக்கான்."

கதவுகளைக் கழுவினேன். பல வருடப் பிசுக்கு, லேசில் விடவில்லை. நான் அதை விட்டாலும் அது என்னை விடவில்லை. துடைத்து நிமிர்ந்தேன்.

"அலமாரிக்கு மேல?" என்றாள்.

"மேல எதையும் பூசப் போறதில்லையே."

"மேல இருக்கிற தூசி பூசின கதவுல விழாதா?"

மேலேயும் துடைத்தேன்.

"அதுக்கும் மேல பாருங்க. ஒட்டடை."

ஒட்டடைக் கோல் எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. இது டெஸ்ட்டுக்காக, வீட்டுக்காக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டடைக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. என் தலைமேல்தான் விழுந்தது.

மதியத்துக்குமேல் மெழுகு, சீலன்ட், செராமிக் என்று கதவுக்கு ஒன்றாக மெல்லிசாகப் பூசி, மெத்தென்ற துணியால் துடைத்தேன். சமையலறை, குடிவந்த புதிதில்கூட இப்படி இருந்ததில்லை.

அவள் கதவுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டாள். "இது பளபளப்பா, அது பளபளப்பா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. என் வாடிக்கையாளர்கள்மேல் அன்றைக்குத்தான் எனக்கு இரக்கம் பிறந்தது.

"சரி, டெஸ்ட் முடிஞ்சுது. அடுத்த வாரம் கார்," என்றேன்.

"புகைக்கும் பிசுக்குக்கும் முடிஞ்சுது. கார் மழையில நனையாதா?"

"நனையும்."

"நம்ம வீட்டுல தினமும் மழை பெய்யற இடம் எது?"

அடுத்த ஞாயிறு குளியலறையில் கழிந்தது. சுவருக்கு ஒன்றாக மூன்று பூச்சு. எங்கள் வீட்டில் எல்லாமே மூன்று மூன்றாக இருக்கிறது என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. சோப்புக் கறையைச் சுரண்டிச் சுரண்டி என் நகங்கள் வெளுத்தன. பூசி முடித்து, உலர விட்டு, மறுநாள் அவள் ஒரு குவளைத் தண்ணீரை வீசினாள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடியது. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதுகு வலியில்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பேன்.

அதற்கடுத்த ஞாயிறு வெயிலுக்கு. ஜன்னல் கம்பிகள், வாசல் கேட். துருவைத் தேய்த்து, கழுவி, துடைத்து, கேட்டுக்கு முன்னால் குந்தியிருந்தபோது மதிலுக்கு மேல் ரிப்பேரின் தலை தெரிந்தது.

"சார், அது கேட்டு."

"தெரியும்."

"கார் இல்லை."

"தெரியும் சார். இது டெஸ்ட். கார் அடுத்த கட்டம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்று எங்கள் கேட்டைப் பார்த்தார். வெயிலில் அது கண்ணைக் கூச வைத்தது.

"ஏங்க, நம்ம ஸ்கூட்டருக்கும் ஏதாவது பூசினா என்ன?" என்றார்.

"கையெல்லாம் கிரீஸ்," என்றார் ரிப்பேர், பழக்க தோஷத்தில்.

"அதைக் கழுவுங்க. நம்ம சமையலறையிலயும் மூணு கதவு இருக்கு."

மறுவாரம் பக்கத்து வீட்டு வாசலில் ஸ்பானர் சத்தம் இல்லை. உள்ளே எங்கேயோ எதையோ தேய்க்கிற சத்தம் கேட்டது. அதன்பின் ரிப்பேர் என்னோடு பேசுவதில்லை.

சொன்னபடி அக்காவும் சகலையும் வந்தார்கள். அக்கா கதவின் மேல் விளிம்பைத் தடவினார். விரலைப் பார்த்தார். இன்னொரு விரலால் தடவினார். அதையும் பார்த்தார். சமையலறைக்குப் போனார், குளியலறைக்குப் போனார், திரும்பி வந்தார்.

"ஆள் வெச்சுச் சுத்தம் பண்ணினியா?"

"ஆள் எதுக்குக்கா? அவரேதான். காருக்கு எதைப் பூசறதுன்னு டெஸ்ட் பண்ணிட்டிருக்கார்," என்றாள் என் மனைவி.

அக்கா மெல்லத் திரும்பிச் சகலையைப் பார்த்தார்.

"நம்மகிட்டதான் காரே இல்லையே," என்றார் சகலை அவசரமாக.

"வாங்கிக்கலாம்," என்றார் அக்கா.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் ஞாயிறு. வீடு அமைதியாக இருந்தது. குப்பியை ஆட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் தீர்ந்துபோவதற்கு முன்னால், துணியையும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்கு நடந்தேன். மரத்தடியில் கார் நின்றது. கூரையின் மங்கல் முன்பக்கம்வரை இறங்கியிருந்தது. இந்த மாதம் பூராவும் பறவைகளுக்கும் நல்ல சாப்பாடு போலிருக்கிறது.

"எங்க கிளம்பிட்டீங்க?" வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"காருக்குப் பூச. அதான் டெஸ்ட் முடிஞ்சு போச்சே."

"யார் சொன்னா? எது ரொம்ப நாள் நிக்கும்னுதானே டெஸ்ட்? மெழுகு இப்பதான் லேசா போக ஆரம்பிச்சிருக்கு. சீலன்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. செராமிக் வருஷக்கணக்கா நிக்கும்னு கடைக்காரரே சொன்னார்னீங்க. அது போற வரைக்கும், வாராவாரம் மூணு இடத்தையும் ஒரே மாதிரி துடைச்சுப் பார்க்கணும். துடைக்கிற கை மாறக் கூடாது. மாறினா டெஸ்ட் கெட்டுடும்."

பக்கெட் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்ட பிறகு, எவ்வளவு பணிவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பணிவாகக் கேட்டேன்.

"அதுவரைக்கும் காருக்கு ஏதாவது ஒண்ணு பூசி வெக்கலாமே?"

"அதுக்கு எப்படிங்க பூச முடியும்?" என்றாள். "எதுவுமே பூசாத ஒண்ணு இருக்கணும்னு நான் அன்னிக்கே சொல்லலையா, ஒப்பிட்டுப் பார்க்க?"