இரண்டு பேர் போதும் என்றார் கியூமர்ஸ்

விடிந்தும் விடியாததுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்த கியூமர்ஸ், தன் காரின் தலையில் ஒரு கூடாரம் சுருட்டிக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டு நின்றார். கூடாரத்தின் பக்கத்தில் ஓர் எரிவாயு அடுப்பு. அதன் பக்கத்தில் ஒரு கம்பளம்.

நடைபாதை ஓரத்தில் மைத்துனன் ஹூஷங், மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். மடியில் ஒரு முழுத் தர்பூசணி.

"என்ன அத்தான், இவ்வளவு லேட்டு? நாங்க வந்து ஒரு ரவுண்டு டீ கூடக் குடிச்சாச்சு."

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் மனைவி தூபாவோடு தனியாக எங்கேயும் போனதில்லை. தேனிலவுக்கு மஷ்ஹத் போனபோதுகூடப் பின் சீட்டில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் உட்கார்ந்து வந்தார்கள். இந்தத் தடவையாவது இஸ்ஃபஹானிலிருந்து ராம்சர் கடற்கரை வரை இரண்டே பேர், ஒரே பிளாஸ்க் என்று முடிவு செய்து, அந்த முடிவையும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் தூபாவிடம் சொல்லியிருந்தார்.

"உனக்கு யார்ரா சொன்னது?"

ஹூஷங் கையிலிருந்த விதையைக் கவனமாகப் பார்த்தான். "காத்துவாக்குல காதுல விழுந்துச்சு அத்தான்."

"எந்தக் காத்து?"

"பொதுவா ஒரு காத்து."

பையோடு இறங்கி வந்த தூபா, "அடடே, நீங்களா?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் தலையைத் தடவினாள். எவ்வளவு நல்ல மனசு, முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவே இல்லை என்று கியூமர்ஸ் நினைத்தார். கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

விறுவிறுவென்று போய் காரின் முன்மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பிரேக் போயிடுச்சு. பயணம் கேன்சல். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஹூஷங் மறுபேச்சில்லாமல் யாருக்கோ போன் செய்தான். கொஞ்ச நேரத்தில், பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுகிற மினி பஸ்ஸோடு எஸ்கந்தர் வந்து நின்றான். ஹூஷங்கின் பக்கத்து வீட்டுக்காரன். பஸ்ஸுக்குள் தூபாவின் சித்தி சனோபர், அவருடைய இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள், டீ கொதிக்க வைக்கிற ஒரு பெரிய சமோவார்.

"கார் போனா என்ன அத்தான், பஸ் இருக்குல்ல," என்றான் ஹூஷங்.

கியூமர்ஸ் உடனே காருக்கு அடியில் படுத்து, ஸ்பானரால் எதையோ இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார்.

"சரியாப் போச்சு. நீங்க எல்லாரும் பஸ்ல வாங்க. நானும் தூபாவும் கார்ல வர்றோம்."

அதைக் கேட்டதும் சனோபர் சித்தி பஸ்ஸிலிருந்து பக்கவாட்டாகத் திரும்பி, மெல்ல இறங்கினார்.

"எனக்குப் பஸ்ஸுன்னா குமட்டும்ப்பா. கார்ல முன் சீட்டுன்னா ஒண்ணும் பண்ணாது."

முன் சீட்டில் சித்தி உட்கார்ந்தார். பின் சீட்டில் தூபா, ஹூஷங்கின் இரண்டு வாண்டுகள், தர்பூசணி. எதிர்வீட்டுக்காரி வழியனுப்பும் வழக்கப்படி ஒரு கிண்ணம் தண்ணீரை வண்டியின் பின்னால் வீசினாள். பாதி, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கியூமர்ஸின் பிடரியில் விழுந்தது.

நெடுஞ்சாலை ஏறியதும் சித்தி வெள்ளரிக்காய்க்கு உப்புத் தடவியபடியே வழிநடத்த ஆரம்பித்தார்.

"மெதுவாப் போப்பா. உசுரு முக்கியம்."

கியூமர்ஸ் மெதுவாகப் போனார். ஒரு சிமெண்டு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு தாண்டிப் போனது.

"என்னப்பா இது, லாரிக்காரன்கூட முந்திட்டுப் போறான். உனக்கு வண்டி ஓட்ட வராதா?"

"நீங்கதானே சித்தி மெதுவாப் போகச் சொன்னீங்க?"

"மெதுவான்னா, மானம் போற மாதிரியா?"

பின்னால் பிள்ளைகள் விதைத் தோலைத் துப்புவதில் போட்டி வைத்திருந்தார்கள். ஜெயித்தவனின் தோல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கொஞ்ச தூரம் போனால் ஒருவனுக்கு அவசரம். அவன் ஏறினால் மற்றவனுக்கு. கார் நிற்கும்போதெல்லாம் பின்னால் மினி பஸ்ஸும் நின்றது. பஸ் நின்றால் கம்பளம் விரிந்தது. கம்பளம் விரிந்தால் சமோவார் இறங்கியது.

கும் நகரம் நெருங்கும் முன்னே, நாலு மர நிழலைக் கண்டுவிட்டார்கள். கட்லட்டும் ரொட்டியும் மோரும் கம்பளத்தில் பரவின. ஹூஷங் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்ட, மாப்பிள்ளைகள் தோளைக் குலுக்கி ஆட, சித்தி உட்கார்ந்தபடியே விரலைச் சொடுக்கினார். தூபா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கியூமர்ஸ் கீழே இறங்க மறுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் பயணம், என் பெட்ரோல், என் பெண்டாட்டி; அவள் சிரிப்பது மட்டும் எவனோ ஒருவன் ஆட்டத்துக்கா?

சித்தியைப் பஸ்ஸுக்கு அனுப்ப ஒரு வழி தோன்றியது. வண்டி கிளம்பியதும், குளிர்காற்றை நிறுத்திவிட்டுச் சூடான காற்றை முழு வேகத்தில் திறந்துவிட்டார்.

"ஏசி ரிப்பேர் சித்தி. ஒரே சூடாத்தான் வருது. பாவம், நீங்க பஸ்ஸுக்கு மாறிக்கங்க."

சித்தி கால்களை நீட்டி, காற்று வருகிற இடத்தில் முட்டியை வைத்தார்.

"அப்பாடா. வாதத்துக்கு என்ன இதமா இருக்கு. இதை மட்டும் ரிப்பேர் பண்ணிடாதப்பா."

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே அடுப்பு எரிய, கியூமர்ஸ் வேர்வையில் நனைந்துகொண்டே டெஹ்ரானைத் தாண்டினார். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு அழுதார்கள். சித்தி குறட்டை விட்டார்.

மலை தொடங்கும் முன் ஒரு பெட்ரோல் பங்கில் சித்தி கண்விழித்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். மினி பஸ் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கியூமர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"தூபா, முன்னாடி வந்து உட்கார். பெல்ட்டைப் போடு."

"சித்தி?"

"பஸ்ல ஏத்திக்குவாங்க. அவங்க எப்பவும் போற சாலூஸ் மலைப்பாதையில போகட்டும். நாம ஹராஸ் ஆத்துப் பாதையில போறோம். ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

தூபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கார் சாலையில் இருந்தது.

ஹராஸ் ஆற்றங்கரையில் ஒரு பாறையருகே வண்டியை நிறுத்தினார். எதிரே பனி மூடிய சிகரம், கீழே நுரைத்து ஓடும் தண்ணீர், சுற்றுவட்டாரத்தில் ஒரு சொந்தக்காரர் இல்லை. பிளாஸ்க்கிலிருந்து இரண்டு கிளாஸ் டீ ஊற்றினார். இருபத்தைந்து வருடமாகப் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். வந்தது என்னவோ அவர் பழுது பார்க்கிற லிப்டுகளைப் பற்றித்தான்.

"போன மாசம் ஏழு மாடிக் கட்டடத்துல ஒண்ணு நாலாவது மாடியில மட்டும் நிக்கவே மாட்டேங்குது. ஏன்னு நினைக்கறே?"

"ம்."

"கயிறுன்னு நினைப்பே. கயிறு இல்லை."

"ம்."

கயிறு ஏன் இல்லை என்பதை அவர் நெடுநேரம் விளக்கினார். அடுத்த கட்டடத்துக்குப் போகும்போது தூபா முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, கைப்பையோடு ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள் என்று கியூமர்ஸுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழாதது கொஞ்சம் என்னவோ போல்தான் இருந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது கட்டடத்தை ஆரம்பித்தார்.

அது மேல்மாடிக்கு ஏறுவதற்குள் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. மினி பஸ். ஜன்னலெல்லாம் தலைகள். பஸ் நிற்பதற்குள் கம்பளம் கீழே வந்து விழுந்தது.

கியூமர்ஸ் டீ கிளாஸைப் பாறைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"உங்களுக்கெல்லாம் வெட்கமே கிடையாதா? கூப்பிடாத வீட்டுக்கு நாய்கூடப் போகாது. ஒரு மனுஷன் பொண்டாட்டியோட ஒரு நாள் நிம்மதியா இருக்கக்கூடாதா? ஓசிப் பயணம்னா மலை தாண்டியுமா துரத்துவீங்க? காலையிலேருந்து கேக்கறேன், யாருடா என்னை வேவு பார்க்கறது?"

பிள்ளைகள்கூட விதை கொறிப்பதை நிறுத்தினார்கள். தூபா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹூஷங் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"என் தப்புதான் அத்தான். எனக்குத்தான் பயண ஆசை அதிகம். மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பா? ஆசைக்கு ஒரு அளவு இல்லையா உனக்கு?"

அதுவரை பஸ் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்த எஸ்கந்தர், கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி நிமிர்ந்தான்.

"அவரை ஏன் ஐயா திட்டறீங்க, அவர் வர முடியாதுன்னுதான் சொன்னார், 'ஒன்பது மணி நேரம் அவரோட தனியா என்னால முடியாது, யாராவது வந்து காப்பாத்துங்க'ன்னு உங்க வீட்டம்மாதானே நேத்தும் இப்பவும் போன்ல அழுதாங்க?"