கழுவி வைத்த பிழை

உப்பள அலுவலகத்தின் கூரைமேல் சைரன் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. மேகமே இல்லாத வெயிலில், வேலையாட்கள் உப்புக் குவியல்களின்மீது தார்ப்பாய்களை இழுத்துப் போர்த்தினார்கள்.

"ஏம்பா தவுசீப், மழை எங்க?" என்றார் உப்பளத்தின் உரிமையாளர் ஆதிமூலம்.

"மழை இல்லண்ணே. பாத்தியில வெச்ச சென்சார்ல ஏதோ பழுது. பழுதானாலும் ஊதும். என்ன பழுதுன்னு ஸ்கிரீன்ல எழுதிட்டு அதுவா நின்னுடும்."

"எங்க எழுதுச்சு?"

திரையில் ஒரே வரி இருந்தது: ‘பிழை’ என்ற பெயரில் எதுவும் இல்லை.

"நேத்து முழுக்க, புரோகிராம் எழுதின அந்த பைத்தான் பாஷையைப் பத்திப் பீத்திக்கிட்டியே!"

மழைச் சைரனை இயக்கும் நிரலை எழுதியவன் தவுசீப். நிரல் இன்று ஒழுங்காக ஓடினால் மரக்காணத்திலேயே வேலை. ஓடாவிட்டால் அத்தா வாங்கி வைத்திருக்கும் துபாய் விசா.

குற்றம் மொழியுடையது அன்று. அவன் கையாண்ட பைத்தான், நேர்ந்த பிழையை ஒரு பெயரிட்டு ஏந்திக்கொள்ளும். அதைக் கவனிக்கும் பகுதி முடிந்ததும் அந்தப் பெயரையே அகற்றிவிடும். இல்லாவிட்டால் பிழையோடு ஒட்டிய பழஞ்சரக்கெல்லாம் நினைவகத்தில் தேங்கும். விருந்தினர் எழுந்ததும் இலையை எடுத்து இடத்தையும் துடைக்கும் இத்தகைய ஒழுங்கு மனிதரிடத்தில் அரிது. தவுசீப்போ, அந்தப் பகுதி முடிந்தபின் அதே பெயரைக் கேட்டு, எடுத்த இலையில் சோறு தேடினான்; நிரல் அங்கேயே முறிந்தது, சைரனை அணைக்க வழியில்லை.

சைரனைக் கையால் நிறுத்தினான். ‘பிழை’ என்ற பெயரில் முன்கூட்டியே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி வைத்தான். மொழி அதையும் சேர்த்தே அகற்றியது. சைரன் மீண்டும் அலறியது. அப்போதுதான் தார்ப்பாயை அவிழ்த்தவர்கள் மீண்டும் போர்த்தினார்கள்.

காரணம் எழுதி ஓயும் பகுதியையே நீக்கினான். நிரல் சென்சாரைத் திரும்பத் திரும்பக் கேட்டது. சைரன் ஊதியது, அடங்கியது, ஊதியது. போர்த்துவதா அவிழ்ப்பதா என்று தெரியாமல், தார்ப்பாயின் முனைகளைப் பிடித்தபடி அனைவரும் நின்றார்கள்.

"டேய், உங்க அத்தாவுக்கு நானே போன் போடறேன்!"

"ஒரே நிமிஷம்ணே!"

கடைசியில் மொழியின் வழிக்கே வந்தான். நீக்கியதைத் திரும்பச் சேர்த்து, பெயர் மறைவதற்கு முன்பே காரணத்தை மட்டும் வேறொரு பெயரில் எடுத்து வைத்தான். திரை பேசியது: சென்சார் இணைப்பில் இல்லை. சைரன் அடங்கியது.

இருவரும் பாத்திக்கு ஓடினார்கள். சென்சார் கட்டியிருந்த குச்சி மட்டும் நின்றது.

"கரெக்டா சொல்லுதே! துபாயெல்லாம் வேணாம், நீ இங்கயே இரு. ஆனா எந்தத் திருடன்டா எடுத்தான்?"

கொட்டகையில் மண்வெட்டிகளை நல்ல தண்ணீரில் கழுவி அடுக்கிக்கொண்டிருந்த அம்சவள்ளி, அவற்றின் நடுவிலிருந்து பளபளக்கும் சென்சாரை எடுத்து நீட்டினாள்.

"இதுவா தம்பி? வேலை முடிஞ்சதும் அதுவே சுத்தம் பண்ணி வெச்சிடும்னு அந்த பாஷையை நேத்து முதலாளிகிட்ட அப்படிப் புகழ்ந்தீங்களே, அதைக் கேட்டுதான் நானும் இதைக் கழுவாம விட்டுவைக்கலை!"