வேப்பெண்ணெய் போட்ட பதில்

இப்பவெல்லாம் ஒருத்தனிடம் உதவி என்று கேட்டால் நேராகப் பதில் சொல்வதில்லை. திருப்பி நாலு கேள்வி கேட்கிறான். பஸ் எங்கே நிற்கும் என்றால், எதுக்குப் போறீங்க என்கிறான். கேள்வி கேட்கிறவன் ஏதோ திட்டத்தோடுதான் கேட்பான் என்பது பாஸ்கலின் முடிவு.

அதனால்தான், இன்டர்நெட்டில் நாலு பேர் கூடிக் கேள்வி பதில் பேசும் மன்றம் ஒன்றில் கேட்டதற்குத் திரையில் வந்த பதிலை டெய்சி படித்துக் காட்டியதும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"உங்க கம்ப்யூட்டர் என்ன விண்டோஸ்னு கேக்குறாங்கண்ணே. எக்ஸ்பியா, தொண்ணூத்தெட்டா?"

"எங்கிட்ட என்ன இருந்தா அவனுக்கென்ன? வீட்டுல என்ன பூட்டு போட்டிருக்கன்னு கேக்குறவன் எதுக்குத் தாயி கேப்பான்?"

"தெரிஞ்சாத்தானே வழி சொல்லுவாங்க?"

"நம்மகிட்ட இருக்கறதுக்கு நேர்மாறா ஒண்ணப் போடு."

டெய்சி பெருமூச்சு விட்டபடி தட்டினாள். தட்டச்சு நிலையம் நடத்தியவள். இரண்டு வருடத்துக்கு முன் அதே கட்டடத்தில் ஆறு கம்ப்யூட்டரை வைத்து பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தாள். பாஸ்கல் அங்கே வருவது அவர் வீட்டுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

காரணம் இதுதான். மகள் லிடியா மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். போன தடவை ஊருக்கு வந்தவர்களிடம் பேரன் படங்களைக் கொடுத்தனுப்பியிருந்தாள். பாஸ்கலின் மனைவி புஷ்பமேரி, ஓய்வு பெற்ற டீச்சர், அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்து, சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

முந்தாநாள் டீச்சர் கோயிலுக்குப் போயிருந்தபோது, சும்மா சீட்டாட்டம் ஆடலாமென்று பாஸ்கல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையின் மூலையில் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று கிடந்தது. நாம் வாங்காத புதுச் சாமான் நம் வீட்டில் எப்படி வந்தது? அழித்துவிட்டார். பேரன் படம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"கரண்ட்டு கம்மியா வருது, கம்ப்யூட்டரத் தொட்டா வெடிச்சிரும்" என்று சொல்லி டீச்சரை இரண்டு நாளாகத் தடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் பவுல்ராஜ் குடும்பத்தோடு படம் பார்க்க வருகிறான். அதுவரைதான் தாங்கும்.

"இன்னொருத்தர் போட்டிருக்காருண்ணே. 'அழிச்சது கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற குப்பைத் தொட்டியில அப்படியேதான் இருக்கும். திறந்து எடுத்துக்கலாம்.' அம்புட்டுத்தான். முடிஞ்சுச்சு."

பாஸ்கல் முகம் இருண்டது. "இது எல்லாருக்கும் தெரியுற மாதிரியா எழுதியிருக்கான்?"

"ஆமா. ஊரே படிக்கும்."

"அப்ப எம்பேரன் படம் எங்க கெடக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!"

டெய்சி மேலே பேசுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். எவனும் கை வைக்குமுன் குப்பைத் தொட்டியைச் சுத்தமாகக் காலி பண்ணிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

மறுநாள் அதைக் கேட்ட டெய்சி தலையில் கை வைத்தாள். "இருந்த ஒரு வழியையும் அடைச்சிட்டீங்களேண்ணே!"

மன்றத்தில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் 'விதிமுறையைப் படி' என்றான். ஒருவன் 'தவறான பகுதியில் கேட்டிருக்கிறாய்' என்றான். இன்னொருவன், சொன்ன விவரம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, இந்த ஆள் போலி என்றான். 'அன்புத்தம்பி' என்று பெயர் வைத்த ஒருவன் மட்டும், "கவலைப்படாதீங்க ஐயா, எந்த ஊரு? நானே வந்து எடுத்துத் தாரேன்" என்று எழுதியிருந்தான்.

"கோயமுத்தூருன்னு போடு."

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. "நானும் கோவைதான் ஐயா! நாளைக்கு வரட்டுமா?"

"ஐயையோ! குஜிலியம்பாறைக்குக் குடி மாறிட்டேன்னு போடு."

"அங்க அவரு மச்சினன் இருக்காராம். அனுப்பி வைக்கிறாராம்."

"பாத்தியா! சம்பந்தமில்லாதவன் எதுக்கு இம்புட்டு இனிக்க இனிக்கப் பேசுறான்? இவன் திருடன்னு எழுதிப் போடு."

போட்டாள். அதோடு மொத்த மன்றமும் அவர் மேல் பாய்ந்தது. நேற்று வந்தவன் உதவ வந்த நல்ல மனுசனைத் திருடன் என்கிறான், இவனை வெளியே தள்ளு என்றார்கள். அன்புத்தம்பி மனம் நொந்து விலகிப் போனான்.

சாயங்காலம் மறுபடி வந்து பார்த்தபோது 'வேப்பெண்ணெய்' என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டிருந்தார். அந்த மன்றத்தில் ஒழுங்கு பார்க்கிற பொறுப்பில் இருப்பவராம்.

டெய்சி படித்தாள். "'நீர் கேட்குமுன் தேடினீரா? இதே கேள்வியை நூறு பேர் கேட்டாயிற்று. தலைப்பில் உதவி உதவி என்று கத்தினால் ஆயிற்றா? பொய் சொல்லும் நோயாளிக்கு எவன் மருந்து கொடுப்பான்? உண்மையைத் தனிமடலில் எழுதும். பிழையில்லாமல் எழுதும்.'"

பாஸ்கல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் தெளிவு வந்தது.

"இவன் மனுசன்! திட்டுறவனுக்கு நம்மகிட்ட ஒண்ணும் ஆகவேண்டியதில்ல தாயி. முப்பத்திரெண்டு வருசம் வேடசந்தூர் மில்லுல குப்ப கொட்டினேன். சிரிச்சுப் பேசுன மேஸ்திரி ஒருத்தனும் உருப்படியில்ல. இவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லு."

"எல்லாத்தையுமா?" டெய்சி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஒண்ணு விடாம."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். நியூ ஃபோல்டர், குப்பைத் தொட்டி, கரண்ட்டுப் பொய் எல்லாம் போனது. கடைசியில் அவர் குரல் தாழ்ந்தது.

"பிரசவத்துக்குப் போக பாஸ்போர்ட்டு வரல. பேரன் மொகத்த எம்பொண்டாட்டி படத்துலதான் பாத்திருக்கா. மூக்கு எங்க அப்பா மூக்குங்கிறா. படத்தத் தொலச்சது நாந்தான்னு தெரிஞ்சா திட்டமாட்டா. அழுவா. அதத்தான் பாக்க முடியாதுன்னு போடு."

அன்றைக்குப் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை வந்தது.

"'அறிவிருந்தால் அந்தப் படங்கள் எதில் வந்தன என்று யோசித்திருப்பீர். சி.டி.யில் வந்திருந்தால் சி.டி. எங்கே? பெண்கள் முக்கியமானதைப் பீரோவில் சேலைக்கு அடியில்தான் வைப்பார்கள். போய்த் தேடும்.'"

போனார். கல்யாணச் சேலைக்கு அடியில் சி.டி. இருந்தது. டெய்சி எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து, ஒரு மணி நேரம் வேர்த்து, படங்களைப் பழையபடி ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை பவுல்ராஜ் குடும்பம் வந்தது, பார்த்தது, போனது. டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குக் கறிக்குழம்பில் அவர் தட்டில் ஈரல் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

திங்கட்கிழமை நன்றி போட வந்தார்.

"'சாமி, நீங்க தெய்வம்'னு போடு தாயி. அப்படியே எந்த ஊருன்னும் கேளு."

டெய்சி தட்டவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"நீங்களும் யாருக்கும் சொல்லாதன்னீங்க, அவங்களும் யாருக்கும் சொல்லாதன்னாங்க, இனி எனக்குத் தாங்காது. தெனம் பூசை முடிஞ்சு வந்து அந்தச் சீட்டுல உக்காந்து மன்றத்தையே மேய்க்கிற வேப்பெண்ணெய் நம்ம டீச்சருதாண்ணே."

பாஸ்கல் அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"போ தாயி. நான் செஞ்சது தெரிஞ்சும் எம்பொண்டாட்டி நாலு நாள் வாயத் தொறக்காம இருந்தாளாக்கும்? அது வேற எவனோ" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.