வாவியாகிப் போன வைரஸ்

கண்டி,
1984 ஐப்பசி

பேரன்புள்ள பெரியப்பாவுக்கு,

கமலாசனி எழுதுகிறேன். நானும் மாமாவும் மாமியும் சுகம். நீங்களும் பெரியம்மாவும் சுகமென்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர இங்கிருந்து வேறென்ன செய்யலாம்? கலவரம் நடந்த ஊரில் குமர்ப்பிள்ளைக்கு என்ன ஆராய்ச்சி, உடனே யாழ்ப்பாணம் வா என்று எழுதியிருந்தீர்கள். வரமாட்டேன். வரைபடங்களை முடித்துக் கொடுத்தால் கட்டுரையில் என் பெயரும் வருமென்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லாம் அமைதி. பொலிஸ் நிலையத்தில்கூட, நான் போகும்வரை அமைதியாகத்தான் இருந்தது.

என் வேலை இதுதான். ஒரு வகை வைரசின் டி.என்.ஏ. வட்டமாக இருக்கும். அது ஒரு கலத்துக்குள் புகுந்து அதன் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டால், சில வேளை அந்தக் கலம் புற்றுநோய்க் கலம்போல மாறிவிடும். கலம் மாறுவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒட்டிக்கொண்ட வைரசும் மாறிப்போகிறது, பெரியப்பா. வட்டம் உடைந்து கோடாகும். ஒரு துண்டு தொலையும், ஒரு துண்டு இரட்டிக்கும், ஒரு துண்டு தலைகீழாகச் செருகுப்படும். பிறகு அது பழைய வைரசாக வெளியே வருவதே அரிது. ஒரேயொரு பரம்பரை அலகு மட்டும் பெரும்பாலும் முழுசாக மிஞ்சி, உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருக்கும். இடம் கொடுத்த கலத்துக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் விருந்துவழங்கி என்று பெயர். போன வருடம் ஆடிக் கலவரத்தில் எங்களுக்குக் கிடைத்த விருந்தை நினைத்துக்கொண்டேதான் படம் கீறுகிறேன். எங்களையே வைரஸ் என்கிறாளே என்று கோபிக்காதீர்கள். அதைச் சொல்ல இங்கே மேடை போட்ட ஆட்கள் வேறு இருக்கிறார்கள்.

ஒட்டிக்கொள்வதைப் படிக்க நான் ஆய்வுகூடத்துக்குப் போகவே தேவையில்லை. கந்தோரில் கிளாக்கராக இருக்கும் எங்கள் மகேந்திரராசா மாமாவைப் பார்த்தால் போதும். ஆடிக்குப் பிறகு வாசற்பலகையில் அவர் மகிந்த என்று சிங்களப் பேர்க்காரர் ஆகிவிட்டார். சாமிப்படங்கள் அலுமாரிக்குள். மாமியின் பொட்டு படலைக்கு வெளியே செல்லாது. "ரோட்டிலை என்னைக் கண்டால் தெரியாத மாதிரிப் போ பிள்ளை" என்று எனக்கும் உத்தரவு.

போன கிழமை பஸ்ஸில் சோதனை. என் பையில் நான் கீறிய வைரஸ் வட்டமும், நொதியங்கள் அதை வெட்டும் இடங்களுக்குச் சுற்றிவர அம்புக்குறிகளும். நேரே பொலிஸ். இன்ஸ்பெக்டர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாள்களைப் புரட்டினார்.

"இது கண்டி வாவி. சுற்றிப் போகிறது வீதி. அம்புக்குறி போட்டது குண்டு வைக்கிற இடங்கள்," என்றார் சிங்களத்தில்.

"இல்லை சேர், அது வெட்டுகிற இடங்கள்."

அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"கீழே இந்தக் கோடு மாத்தளை வீதி. நடுவில் ஒரு துண்டைக் காணோம். யார் எடுத்தது?"

"ஒருவரும் எடுக்கவில்லை சேர். ஒட்டும்போது தானாகத் தொலைகிறது."

அதை அவர் கவனமாக எழுதிக்கொண்டார்.

எங்களைத் தெரிந்த பஸ் கொண்டக்டர் போய்ச் சொல்ல, மாமா வந்தார். மகிந்தவாக வந்தார். கையில் பௌத்தர்கள் கட்டும் பிரித் நூல், வாயில் சுத்தமான சிங்களம். "இந்தப் பிள்ளையைக் கந்தோர்ப் பக்கம் கண்டிருக்கிறேன், நல்ல பிள்ளை," என்றார், என் முகத்தைப் பாராமல். அவருக்குக் கதிரை கொடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது ஒரு கான்ஸ்டபிள் என்னை அடிக்கக் கை ஓங்கினான். மாமா கதிரை விழ எழும்பி, "ஐயோ, என்ரை அக்காவின்ரை பிள்ளையை அடியாதேங்கோ!" என்று நிலையம் அதிரக் கத்தினார். கலப்பில்லாத எங்கள் ஊர் உடுப்பிட்டித் தமிழ். அந்த அலகு முழுசாகவே மிஞ்சியிருந்தது, பெரியப்பா.

ஓங்கின கை அப்படியே நின்றது. மாமாவின் கதிரையை எடுத்துவிட்டார்கள்.

"கடைசியாகக் கேட்கிறேன், இது என்ன படம்?"

"வைரஸ் சேர். புற்றுநோய் வைரஸ்."

நாக்குக்குப் போன விரல் பாதி வழியில் நின்றது. "தொற்றுமா?"

தாளில் தொற்றாது என்று சொல்லியிருக்கலாம். "ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, சேர்," என்றேன்.

அவர் கை கழுவி முடிப்பதற்குள் எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள். படங்களைத் தடியால் தள்ளித் தள்ளி எரித்தார்கள். எரிப்பதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. வீடு வரைக்கும் மாமா, என்னைத் தெரிந்த ஆள் மாதிரி, பக்கத்திலேயே நடந்து வந்தார்.

ஆகையால் என்னைக் கூப்பிடவேண்டாம். எல்லாப் படங்களையும் திரும்பக் கீறவேண்டும். நான் கண்டியில்தான் இருப்பேன். பெரியம்மாவுக்கு என் அன்பு. வைரவருக்கு எனக்காகக் கொளுத்தும் கற்பூரத்தில் ஒன்றை மாமா பேரிலும் கொளுத்தச் சொல்லுங்கள். எந்தப் பேரில் என்று அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

உங்கள் சொற்கேளாப் பெறாமகள்,
கமலாசனி

பி.கு.: இன்று காலை மாமா மகிந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் பழைய பலகையை மாட்டினார். மத்தியானம் எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த சிங்கள அம்மா அழுதுகொண்டு வந்தார். "நீங்கள் யாரென்று எனக்கு முதலே தெரியும் மாத்தயா. இப்போது தெருவுக்கும் தெரிந்துவிட்டதே," என்றார். வெள்ளிக்கிழமை ரயிலில் மூன்று பேரும் வருகிறோம். தபாலில் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவந்து தருவேன். தபாலில் உங்களுக்கு வருவது 'எல்லாரும் சுகம்' என்ற தபாலட்டை மட்டும், அதை நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள். மாமா வேறொன்றும் கட்டவில்லை, தன் பழைய பலகையை மட்டும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். உங்கள் வாசலில் ஓர் ஆணி அடித்துத் தாருங்கள்.