எருக்குழிப் பரங்கி

"இது என்னன்னு தெரியறதா?" என்று கேட்டுக்கொண்டே, எருக்குழியில் முளைத்திருந்த இலையைக் கிள்ளி வந்து கணவரின் மூக்கருகே நீட்டினாள் காமு.

பாலசுப்ரமணியன் செய்தித்தாளை இறக்கினார்.

"பரங்கி. குழியில கொட்டினயே, அந்த விதைதான். பிடுங்கிப் போடு."

பிடுங்கத்தான் போனாள். அதற்குள் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அனுராதாவின் தலை தெரிந்தது.

சால்ட் லேக் அரசுக் குடியிருப்புக்கு அனுராதா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வங்காளம் சரளமாகப் பேசினாள். குடியிருப்பே அவளை 'அனு-தி', அதாவது அனு அக்கா, என்றது. எத்தனையோ வருஷமாக இருக்கும் காமு இன்னும் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் பேசினாள். போதாக்குறைக்கு, இரண்டே வயது சின்னவளான அனுராதா அவளை மாமி என்று வேறு கூப்பிட்டாள்.

"என்ன மாமி, குப்பையில செடி முளைச்சிருக்கா?"

"குப்பையாவது! என் தங்கை பெங்களூர்லேர்ந்து அனுப்பின விதை. ஒசத்தி ரகம்."

"அப்படியா? பக்கத்துல இருக்கற தக்காளி நாத்தும் அதுதானா? எனக்கு ஒண்ணு தாங்களேன்."

பொய் சொல்லியாயிற்று. இருப்பதிலேயே நோஞ்சானாக ஒரு நாற்றைத் தேடிப் பிடுங்கிக் கொடுத்தாள் காமு.

"கவலைப்படாதீங்கோ, அது பிழைக்காது" என்று உள்ளே வந்து கணவரிடம் சொன்னாள்.

பிழைத்தது. தை பிறப்பதற்குள் அனுராதாவின் தொட்டியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. காமுவின் பரங்கியோ துணிக்கொடி, மீட்டர் பெட்டி என்று எல்லாவற்றின் மீதும் ஏறியது. ஒரு பிஞ்சு இல்லை. புளித்த மோர் ஊற்றினாள், அரிசி களைந்த நீர் ஊற்றினாள். கொடி இன்னும் கொழுத்தது.

பூஜை கமிட்டியைக் கட்டி ஆளும் மாடி வீட்டு மித்ரா, குடியிருப்புக்கே 'போதி', அதாவது அண்ணி, இறங்கி வந்தாள். அனுராதாவின் தொட்டியைப் பார்த்து, "கீ ஷுந்தோர்! என்ன அழகு!" என்று கன்னத்தில் கை வைத்தாள். பிறகு காமுவின் பக்கம் திரும்பி, "உங்களுடையதும் நன்றாக இருக்கிறது, நிழலுக்கு" என்றாள்.

அன்று காமு வார்த்த தோசையெல்லாம் கருகியது.

"ஒரு பரங்கிக்காய் வாங்கிண்டு வாங்கோ. முழுசா, காம்போட."

"சாம்பாருக்கா?"

"கொடிக்கு."

பச்சை நூலால் காயைக் கொடியில் கட்டி இலையை மேலே இழுத்துவிட்டாள். அனுராதா எட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வாரம் முழுக்கக் காமுவுக்கு நல்ல பசி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனுராதாவின் செடியில் செக்கச் செவேலென்று தக்காளிப் பழங்கள் தொங்கின. மித்ரா போதி கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

"என் நாத்து! நான் குடுத்த நோஞ்சான்!" என்று தனக்குள் பொருமினாள் காமு.

"உங்க காய் ஏன் மாமி வளரவே இல்லை?" என்று கேட்டாள் அனுராதா.

வளராமல் என்ன? மறுநாள் பெரிய காயாக வந்தது. அதற்கடுத்த வாரம் அதைவிடப் பெரியது. கழற்றிய காய்கள் சாம்பாராயின, கூட்டாயின, அல்வாவாயின. அங்கே தக்காளியோ கொத்துக் கொத்தாகப் பெருகியது.

"ஆபீஸ்ல நான் டிபன் பாக்ஸைத் திறந்தா எல்லாரும் எழுந்து போறா" என்றார் பாலசுப்ரமணியன். "பேசாம அவகிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"அவகிட்டயா? அதுக்கு நான் கங்கையில போய் விழலாம்."

அப்போதுதான் மித்ரா போதி அறிவித்தாள். சரஸ்வதி பூஜைப் பிரசாதத்துக்கு அனு-தியின் தக்காளியில் சட்னி, மாமியின் பரங்கியில் கறி. பூஜைக்கு முதல் நாள் எல்லோருமாக வந்து, சங்கு ஊதிப் பறிப்பார்கள்.

அனுராதாவின் முகம் என்னவோ போல் ஆயிற்று. எல்லாம் கர்வம் என்று நினைத்துக்கொண்டாள் காமு. தக்காளிச் சட்னி எங்கே, பரங்கிக் கறி எங்கே! தூக்க ஆளுக்கு ஆள் கை கொடுக்க வேண்டும், அப்படி ஒரு காய் வேண்டும்.

"நான் போக மாட்டேன். நான் ஹோட்டல் வெச்சிருக்கேன்னு கடைக்காரன் நினைச்சுண்டிருக்கான்" என்றார் பாலசுப்ரமணியன்.

காமுவே மார்க்கெட்டுக்குப் போனாள். குவியலிலேயே பெரிய பரங்கியை, அழும் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் ஏற்றினாள். அடுத்த கடையில் யாரோ குந்தி உட்கார்ந்து தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டண்டி, டண்டி! காம்பு நீளமா இருக்கணும்ப்பா!"

தமிழ்க் குரல். அனுராதாவின் கணவர் பிரேம்குமார்.

காமு சட்டென்று பரங்கியைக் குவியலிலேயே திரும்ப வைத்துவிட்டு, வெறும் கையோடு நின்றாள். நிமிர்ந்த பிரேம்குமாருக்கு அவளைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது. கையிலிருந்த தக்காளியைப் பைக்குள் மறைத்தார்.

"மாமி, என்னை இங்க பார்த்ததா அனுகிட்ட சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! உங்க கொடியில காய் தொங்கின அன்னிக்கு ஆரம்பிச்ச அழுகை. வாராவாரம் தக்காளி வாங்கி நான்தான் செடியில நூல் போட்டுக் கட்டறேன். உங்களுக்கென்ன மாமி, நிஜமாவே காய்க்குது!"