சிவப்புப் புள்ளி வாங்கிய கிணறு

மதிப்புக்குரிய சம்பந்தி பொன்ராஜ் அவர்களுக்கு, நீலகிரி மலை எமரால்டு ஊரிலிருந்து தினகரனின் வணக்கம். இங்கே குளிரும் நாங்களும் நலம். அங்கே வெயிலும் நீங்களும், என் மகள் சசிகலாவும், அவள் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும்.

"உங்க ஊர்த் தண்ணியில பருப்பே வேகாதுங்க" என்று கல்யாணப் பந்தியில் உங்களைக் கிண்டல் செய்தவன் நான். இப்போது பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்துவரும் நேரம் பார்த்து, நிலத்தடி நீரின் தரத்தை வரைபடமாக்க ஆன்சி என்ற பெண் வந்து சேர்ந்தாள். நல்ல கிணற்றுக்குப் பச்சைப் புள்ளி, கெட்டதற்குச் சிவப்பு. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மேல்வீட்டுத் தங்கையாவோடு வேலித் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீருக்கு என்ன தகராறு என்று வேலியைத் தாண்டி அவர் கிணற்றில் ஒரு குடம் மொண்டுவந்து, என்னுடையது என்று நீட்டினேன். அவள் கருவியை முக்கினாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க அங்கிள், காலையில தங்கையா ஊட்டுல எடுத்த தண்ணி இங்க எப்படிங்க வந்துச்சு?" என்றாள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பெல்லாம் கைரேகை மாதிரியாம்! அசந்துபோனேன், சம்பந்தி. போலீசில் இருக்க வேண்டிய பெண்.

பிறகு என் கிணற்றில் அவளே வாளியை விட்டாள். நைட்ரேட்டாம், சிவப்பு. தங்கையா தோட்டத்து உரம்தான் இறங்கியிருக்கும் என்று குதித்தேன். அவள் வரைபடத்தை விரித்து, மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடும் திசையைக் காட்டினாள். அம்புக்குறி என் கேரட் பாத்தியில் புறப்பட்டு நேராக என் கிணற்றில் இறங்குகிறது. நான் மூட்டை மூட்டையாகக் கொட்டிய யூரியா! "காய்ச்சினாலும் போகாதுங்க. பச்சைக் குழந்தைக்குப் பால் பவுடர் இதுல கலக்கிடாதீங்க, உடம்பு நீலம் பாஞ்சிரும்" என்றாள். அவள்மேல் கோபமே வரவில்லை, கும்பிடத்தான் தோன்றியது.

ஆகவே, வழக்கத்தை மீறிப் பிரசவத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் செய்த அதே வாயால்தான் கேட்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தினகரன்

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மாப்பிள்ளை இப்போதுதான் போன் செய்தார். ஆன்சி அங்கேயும் வந்து உங்கள் போர்வெல் தண்ணீருக்குச் சிவப்பு வைத்துவிட்டாளாம். நீங்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீரை நீட்டி மாட்டிக்கொண்டதையும் சொன்னார். சசிகலாவை இங்கேயே அனுப்பிவையுங்கள். தங்கையா கிணற்றுக்குப் பச்சைப் புள்ளி; குடத்தோடு அவர் வாசலில் போய் நின்றுவிட்டேன். "குழந்தைக்குத்தானே, தாராளமா எடுத்துக்கங்க. இந்தத் தடவ வேலி ஏறாதீங்க, கேட்டுக் கதவு தொறந்துதான் இருக்குது" என்றார்.