மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அறுபத்திரண்டு

றக்வான,
வெள்ளி பின்னேரம்.

அன்புள்ள மச்சான் ரெஜினோல்டுக்கு,

மாதாவின் தயவால் நானும் உன் அக்கா பிலோமினாவும் மகள் ஏஞ்சலினும் சுகம். குருவிட்டையில் நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். நீ வாங்கி அனுப்பிய ரூட்டரும் மூன்று கொம்பையும் நீட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஏஞ்சலினுக்குக் கொழும்புக் கம்பனியில் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், இன்டர்வியூ மட்டும் வீடியோவில் என்றார்கள் இல்லையா? பிள்ளை யாரோ வீட்டில் போர்டிங்கில் கிடக்காமல் நம் கண்முன்னே இருக்கட்டும் என்றுதானே உன்னிடம் ரூட்டரே கேட்டேன். பூட்டிக் கொடுக்க வந்த பையன், "அங்கிள், உடின் தியன்ன" என்று உயரத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். லயத்து வீட்டில் உயரமான இடம் மாதா சுரூபம் இருக்கிற பலகைதானே? வைத்தேன். போனில் வேகத்தை அளந்தால் அறுபத்திரண்டு எம்பி! பின் அறையில் நாலு, குசினியில் இரண்டு, கோழிக்கூட்டடியில் ஒன்பது. அது எப்படியென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சந்தோஷத்தில் லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, ரூட்டர பின் ரூமுக்கு மாத்துங்க, நான் அமைதியா பேசணும்" என்றாள் ஏஞ்சலின். நான் கையை வைத்ததுதான் தாமதம், உன் அக்கா பாய்ந்து வந்தாள். "மாதாகிட்ட வச்ச சாமானுங்க. பாதர் வந்து மந்திரிக்காம எறக்கக் கூடாது!" பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். ஆகவே இன்டர்வியூ முன் அறையிலேயே.

இன்று காலை பத்து மணிக்குத் தொடங்கியது. மகள் இங்கிலிஷில் பொழிகிறாள் மச்சான்! இரண்டாவது கேள்வியில் அளந்து பார்த்தேன், பதினொன்று! பக்கத்து வீட்டு மூக்கையா படம் பார்க்கிறார். வாசலில் நின்று சத்தம் போட்டேன், "போன ஓஃப் பண்ணுங்கங்க!" "கிளைமேக்ஸுங்க, அஞ்சு நிமிசம்" என்கிறார் மனிதர். "ஒங்க கிளைமேக்ஸ விட எம்புள்ள வாழ்க்க பெருசுங்க!" என்று கத்தி அணைக்க வைத்தேன். திரும்பி வந்தால் உன் அக்கா ரூட்டருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையை உரத்துத் தொடங்கிவிட்டாள். நானும் வாசற்படியில் நின்று "அம்பது! அறுபது!" என்று பிள்ளைக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிவரை மகளின் வீடியோ ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி பிள்ளை நம்மோடுதான். எல்லாப் புண்ணியமும் உனக்கே.

உன் வீட்டிலும் எந்நாளும் ஆசீர் நிறைந்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
யோசப்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது கம்பனியிலிருந்து பேசினார்கள். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டிலிருந்து செய்ய வேண்டாமாம், திங்கட்கிழமை கொழும்புக்கு வரட்டுமாம். சிக்னலில் ஒரு குறையும் இல்லையாம். செபமாலை, மூக்கையா, நான், எல்லாம் ஒரு சொல் விடாமல் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டதாம். இரண்டு நாளில் போர்டிங்குக்கு எங்கே போவது என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏஞ்சலின் போன மாதமே கொழும்பில் ஒரு போர்டிங்கைப் பேசி வைத்துவிட்டாளாம்.